சோடாவில் விட்ட பாதி

அடையாறு பள்ளி ஒன்றில் இருபத்திரண்டு வருஷம் வேதியியல் எடுத்தேன். வருஷம் தவறாமல் ஒரு நாள் இரண்டு பன்னீர் சோடாவோடு வகுப்புக்குப் போவேன். ஒன்று ஃபிரிட்ஜில் இருந்தது, மற்றது மொட்டைமாடி வெயிலில் கிடந்தது. சூடான பாட்டிலைத் திறந்தால் புஸ்ஸென்று பொங்கி என் புடவையை நனைக்கும். "கடலும் இப்படித்தான். தண்ணி சூடானா உள்ள இருக்கிற கரியமில வாயு வெளிய வந்துடும்" என்பேன். கைதட்டுவார்கள். அந்தக் கைதட்டல் எனக்குப் பிடிக்கும். அப்புறம் சில்லென்ற சோடாவுக்கு அடிதடி, ஆளுக்கு ஒரு மூடி. அதற்குள் மணி அடித்துவிடும். பாடத்தில் மிச்சம் நாளைக்கு என்பேன். நாளைக்கு வேறு பாடம் வந்துவிடும்.

போன மாதம் என் பழைய மாணவி ஒருத்தி வீடியோ அனுப்பினாள். மேற்கு மாம்பலத்தில் டியூஷன் நடத்துகிறாள். "மிஸ், உங்க சோடா!" என்று கீழே எழுதியிருந்தாள். பெருமையாகத்தான் பார்த்தேன். பாட்டில் பொங்கியதும் பிள்ளைகளிடம் சொன்னாள்: "பாத்தீங்களா? கடல் சூடானதாலதான் காத்துல கார்பன் டை ஆக்சைடு ஏறுது. வண்டிப் புகைமேல சும்மா பழி போடுறாங்க. எங்க மிஸ் சொல்லிக் குடுத்தது."

சுருக்கென்றது. நான் எப்போது அப்படிச் சொன்னேன்? சொல்லவில்லைதான். மறுபாதியையும் சொல்லவில்லையே! பதில் எழுதி எழுதி அழித்தேன். காபி ஆறிப்போனது. உட்காரவே முடியவில்லை. பஸ் பிடித்து தி.நகரில் இறங்கி, கூட்டத்தில் இடிபட்டு, மாம்பலம் ஸ்டேஷன் பாலத்தை மூச்சிரைக்க ஏறி இறங்கி அவள் வாசலில் போய் நின்றேன்.

"மிஸ்! போன் பண்ணிருக்கலாம்ல?" என்று ஓடிவந்து, சில்லென்று ஒரு சோடாவைக் கையில் கொடுத்தாள்.

நின்றபடியே கொட்டித் தீர்த்தேன். "காத்துல ஏறுறது நம்ம புகைதான்டி. அதுல ஒரு பங்கைக் கடல் இன்னிக்கும் உள்ள இழுத்துக்கிட்டுத்தான் இருக்கு. சூடாக ஆக அதால அவ்வளவு இழுக்க முடியாது, மிச்சம் காத்துலயே தங்கிடும். இதைச் சொல்லாம விட்டது என் தப்பு."

அவள் முகம் வாடியது. "உள்ள இருக்கிற பிள்ளைங்களுக்கு இப்பவே சொல்லிடலாம் மிஸ். எங்க பேட்ச் குரூப்லயும் போட்டுடறேன். மத்த பேட்ச் எல்லாம்?"

இருபத்திரண்டு வகுப்புகள். யார் யார் எந்த ஊரில் இருக்கிறார்களோ, அந்தப் பாதியை மட்டும் தங்கள் பிள்ளைகளுக்கும் சொல்லிவிட்டார்களோ. வெட்கமாக இருந்தது.

உள்ளே போனேன். பிள்ளைகள் என் கையிலிருந்த சோடாவையே பார்த்தார்கள். அதை மேஜையில் வைத்துவிட்டு சாக்பீஸை எடுத்தேன்.

"பாடம் முடியற வரைக்கும் யாருக்கும் கிடையாது" என்றேன்.