எள்ளளவு காது

“சாவி?”

“கீழ வச்சிட்டேன்.”

“பெல்ட்டு?”

“கழட்டியாச்சு.”

“பையில ஆணி கீணி?”

ரஃபி சட்டைப் பையைத் துழாவுகிறான். இரண்டு செருப்பு ஆணிகள் அகப்படுகின்றன. அசட்டுச் சிரிப்போடு அவற்றை வாசலிலுள்ள பீங்கான் கிண்ணத்தில் போடுகிறான். தோல் செருப்புக் கடைக்காரன் பையில் ஆணி இல்லாமல் மல்லிகைப் பூவா இருக்கும்? ஆனால் மாடி அறைக்குள் இரும்பு நுழையக் கூடாது. கட்டிய புருஷனே ஆனாலும் சோதனை போட்டுத்தான் உள்ளே விடுவாள் தஹ்சீன்.

திண்டுக்கல் பேகம்பூரில் கீழே வீடு, மேலே அவளுடைய பட்டறை. அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்தால் முந்தானை ஊக்கு, முக்காட்டு ஊசி எல்லாம் அந்தக் கிண்ணத்துக்குப் போய்விடும். சின்னாளபட்டியிலிருந்து சுங்குடிச் சேலை விற்க வரும் பெருமாயி மட்டும் மசிய மாட்டாள். “உன் ரூமுக்குள்ள வரணும்னா சேல அவுந்துரும் போலயே தாயி” என்று சொல்லிவிட்டு வாசலிலேயே மூட்டையைப் பிரித்துவிடுவாள்.

அப்படி உள்ளே என்னதான் நடக்கிறது? தலைமுடியைவிட மெல்லிய செப்புக் கம்பியை, தையல் ஊசியைவிட மெல்லிய கண்ணாடிக் குழலின்மேல் சுற்றுகிறாள். சுற்றி முடித்தால் எள்ளளவு இருக்கும். பெரிய ஆராய்ச்சிக் கூடங்களில் ஆளுயரக் காந்தங்கள் உண்டு. ஒரு திரவத்தை அதற்குள் வைத்துத் தட்டி எழுப்பினால், அதிலுள்ள ஒவ்வொரு பொருளும் தன் தன் குரலில் முணுமுணுக்கும். அந்த முணுமுணுப்பைப் பிடிக்கிற காதுதான் இந்தச் சுருள். துளி சின்னதென்றால் காதும் சின்னதாக, துளியோடு ஒட்டிக்கொண்டு இருக்க வேண்டும். பக்கத்தில் இரும்புத் தூசி ஒன்று இருந்தாலும் போச்சு, குரல்களெல்லாம் ஒன்றோடொன்று கலந்து குழம்பிவிடும். பெருமாயி கேட்டபோது நோன்புக் கஞ்சியை வைத்து விளக்கினாள் தஹ்சீன். “பெரிய அண்டாவுல ஒரு கரண்டி கஞ்சிய ஊத்துனா அடியில ஒட்டிக்கிட்டுக் கெடக்கும், கண்ணுக்கே தெரியாது. அதையே சின்னக் கிண்ணத்துல ஊத்துனா நெறஞ்சு நிக்கும்ல? நான் செய்யிறது அந்தக் கிண்ணந்தான்.” பெருமாயி முழுதும் கேட்டுக்கொண்டாள். பிறகு, “அதெல்லாஞ் சரி, கஞ்சி எங்க?” என்றாள்.

பெங்களூரில் ஒரு பெரிய கூடத்தில் வேலை பார்த்துக் கற்றுக்கொண்ட தொழில் இது. கல்யாணமாகி ஊருக்கு வந்தபோது, இனி இதெல்லாம் எங்கே என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவளோ பழைய தையல் மெஷினில் பாபின் சுற்றும் பாகத்தைப் பிடுங்கி, இரும்பையெல்லாம் கழித்துப் பித்தளை போட்டு, தனக்கொரு சுற்றும் எந்திரம் செய்துகொண்டாள். இன்று கல்லூரிகளும் ஆராய்ச்சிக் கூடங்களும் அவளைத் தேடி வருகின்றன. ரஃபிக்கு அதில் தலைகால் புரியாத பெருமை. கடைக்கு வருகிறவர்களிடம் செருப்பின் அளவைக் கேட்பதற்கு முன்பே மனைவியின் தொழிலைச் சொல்லிவிடுவான்.

சுற்றும்போது பார்க்க வேண்டும் அவளை. மின்விசிறியை நிறுத்திவிடுவாள். மைக்ராஸ்கோப்பில் கண்ணைப் புதைத்துக்கொண்டு கம்பியோடு பேசுவாள். “ஏலே, வழுக்காதலே. செத்த நேரம் நில்லு அப்பு, இந்தா முடிஞ்சிருச்சு.” தெருவில் பாரம் ஏற்றிய லாரி வந்தால் கையை உயர்த்திக்கொண்டு சிலையாகிவிடுவாள். தும்மல் வந்தால் மொட்டைமாடிக்கு ஓடித் தும்மிவிட்டு வருவாள். பெற்ற பிள்ளையைக்கூட யாரும் இப்படிப் பொத்திப் பொத்தி வளர்த்திருக்க மாட்டார்கள்.

இவ்வளவு கண்கொத்திப் பாம்பாக இருக்கிறவளுக்குத்தான் போன மாதம் அந்த அடி விழுந்தது.

கல்லூரித் தோழி டெய்சி மதுரையில் ஆராய்ச்சி செய்கிறாள். அவள் மூலமாக வந்தது ஒரு துளி. நெசவு செய்யும் முனீஸ்வரியின் கைக்குழந்தை, பால் குடித்ததும் துவண்டு துவண்டு விழுகிறது. என்ன நோய் என்று டாக்டர்களுக்குப் பிடிபடவில்லை. பச்சைப் பிள்ளையின் முதுகில் ஊசி குத்தி எடுத்த நீரில், மற்றச் சோதனைகளுக்குப் போக மிஞ்சியது அந்தத் துளிதான். தஹ்சீன் சுருள் செய்து கொடுத்தாள். டெய்சி அதைப் பெங்களூருக்குக் கொண்டுபோய்ப் பெரிய காந்தத்தில் வைத்துப் பாதித் துளியை அளந்தாள். பொருளுக்கொரு கோடாக எழும்ப வேண்டிய வரைபடம் களிமண் மேடு போல வீங்கி நின்றது. அளந்த பாதியும் வீணாய்ப் போனது. இன்னொரு முறை ஊசி குத்த விடவே மாட்டேன் என்று முனீஸ்வரி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

திரும்பி வந்த சுருளை தஹ்சீன் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தாள். கம்பியை ஒட்டிய பசைக்குள் ஒரு கறுப்புப் புள்ளி. செய்த நாளை யோசித்தாள். அதற்கு முந்தின நாள்தான் நாத்தனார் சபிஹாவின் நிக்காஹ். “கண்ணுல மை இல்லாம கல்யாண வீட்டுக்கா?” என்று நாலு பேர் பிடித்து உட்காரவைத்துத் தீட்டிவிட்டார்கள். மறுநாள் கண்ணைக் கசக்கிய விரலோடு பசையைத் தொட்டிருக்கிறாள். மை டப்பாவைத் திறந்து ஒரு காந்தத்தை நீட்டினாள். மை மெல்ல எழும்பி அதன் பக்கம் சாய்ந்தது.

“ஊரு ஊசியெல்லாம் புடுங்கி வச்சேனே, என் கண்ணுலயே இரும்ப வச்சிக்கிட்டு இருந்திருக்கேனே!” என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். இத்தனை வருஷம் வாசலில் நின்று சோதனைக்கு ஆளானவன் ரஃபி. கேலி செய்ய அதைவிட நல்ல நேரம் வாய்க்குமா? ஆனால் அவனுக்குப் பாவமாக இருந்தது. கீழே போய் டீ போட்டு எடுத்து வந்தான்.

இன்று மதியம் புதுச் சுருள் தயார். பெங்களூர்க் காந்தம் நாளைக் காலையில் கிடைக்கிறது. அதை விட்டால் அடுத்த மாதம்தான். சுருளை வாங்கிக்கொண்டு பஸ் ஏற டெய்சி தோள்பையோடு வந்து நிற்கிறாள். மேசைமேல் இருக்கும் சின்னக் காந்த எந்திரத்தில், வெறும் தண்ணீரை வைத்து ஒரு சோதனை ஓட்டம். ரஃபியும் எட்டிப் பார்க்கிறான். திரையில் ஒரே ஒரு கோடு, ஊசியாக எழும்புகிறது.

“சூப்பர்டி! குடு, கெளம்புறேன்.”

“அடியில பாரு.”

“என்ன அடியில?”

“லேசா வீங்கிருக்கு.”

“அடிப்பாவி, பூதக்கண்ணாடி வச்சுத்தான் தேடணும். இது போதும்டி!”

“டாக்டருங்க தேடுற ரெண்டு கோடும் ஒட்டி ஒட்டி நிக்குமுன்னு நீதான சொன்ன? இந்த வீக்கத்துல ரெண்டும் ஒண்ணாப் போயிரும்.”

“பஸ்ஸ விட்டா காந்தமும் போயிரும். அடுத்த மாசம் வரைக்கும் அந்தப் புள்ள...” டெய்சி தோள்பையை இழுத்து மாட்டிக்கொண்டாள்.

கொடுத்து அனுப்பிவிடேன் என்றுதான் ரஃபிக்குத் தோன்றியது. மனைவியின் முகத்தைப் பார்த்ததும் அதை அப்படியே விழுங்கிக்கொண்டான். தஹ்சீன் சுருளை வெளியே எடுத்தாள். பித்தளைக் கத்தரியை எடுத்து, ஒரே வெட்டு.

“ஏய்!” டெய்சி அலறிவிட்டாள்.

“மிச்சம் இருக்குறது அரைத் துளிடி. போனது என்னால போச்சு. இதுவும் போனா அந்தத் தாய் மூஞ்சில நான் எப்புடி முழிப்பேன்?”

ரஃபிதான் தொண்டையைச் செருமினான். “பஸ்ஸு போனாப் போகுது. நீ சுத்து. எந்நேரமானாலும் பெங்களூருக்கே கார்ல நான் கொண்டுபோயி விட்டுட்டு வாரேன்.”

டெய்சி தோள்பையைக் கழற்றாமல் அப்படியே நின்றுகொண்டிருந்தாள். தஹ்சீன் மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல், காலாலேயே ஸ்டூலை அவள் பக்கம் தள்ளிவிட்டு, புதுக் குழலில் முதல் சுற்றைப் போட்டாள்.