முதுகில் இருந்த வெள்ளைக் கோடு

உம்மாவுக்குப் பிரஷர் என்று உப்பைக் குறைக்கச் சொன்னார் டொக்டர். பயத்தில் நான் என்னுடைய கறியிலும் உப்பை அடியோடு நிறுத்திவிட்டேன். அதோடு நடையும் தொடங்கினேன். சாய்ந்தமருதிலிருந்து மருதமுனை வரை கடற்கரை மணலில் வேகமாக நடந்து திரும்புவேன். வழியில் இரண்டு பெரிய போத்தல் பச்சைத் தண்ணீர் குடிப்பேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

கச்சான் காற்று அனலாய் வீசிய ஒரு காலையில், திரும்பும் வழியில் கெண்டைக்கால் பிடித்து இழுத்தது. தலை சுற்ற, மணலில் உட்கார்ந்துவிட்டேன். கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த ஓர் இளம்பெண் ஓடி வந்தாள்.

"தண்ணி வேணுமா ராத்தா?"

"வேணாம், நிறையக் குடிச்சிட்டன்."

அவள் என் கறுப்பு அபாயாவின் முதுகைப் பார்த்தாள். "இதென்ன, வெள்ளையா கோடு கோடா இரிக்கு?"

"கடல் தண்ணி தெறிச்சிரிக்கும்."

"கச்சான் கரையில இருந்துதானே கடலுக்கு அடிக்குது. கடல் எப்பிடி ஒங்கட முதுகுல தெறிக்கும்? இது ஒங்கட வேர்வை உப்பு ராத்தா."

மீன்வாடியின் நிழலில் என்னை இருத்தி, உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கத் தந்தாள். அரை மணித்தியாலத்தில் கால் இளகியது. அவளுடைய பெயரைக் கேட்கவும் எனக்குத் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்து அபாயாவை வெளிச்சத்தில் விரித்தேன். சந்தேகம் தீராமல், அந்தக் கோட்டை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். கரித்தது. என் உடம்பு மூன்று மாதமாக ஒவ்வொரு நாளும் இதை எனக்கு எழுதிக் காட்டியிருக்கிறது. நான்தான் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டே இருந்திருக்கிறேன்.