பெரியவர் ஒட்டிய பொட்டு

இந்த ஊரில் கழிப்பறைகூட நம் அபிப்பிராயத்தைக் கேட்கும். கை கழுவிவிட்டு வெளியே வந்தால் சுவரில் ஒரு திரை, அதில் சிரிப்பிலிருந்து அழுகைவரை வரிசையாக முகங்கள். வந்த புதிதில் இடம் எவ்வளவு அழுக்காக இருந்தாலும் சிரிக்கும் முகத்தையே தொடுவேன். துடைக்கிற அம்மாவுக்கு வேலை போய்விடக் கூடாதே என்ற பயம். திருநெல்வேலியில் என்னை யாரும் எதுவும் கேட்டதில்லை. எங்கள் தெருமுனையில் ஒரு கட்டடம் எழும்பியபோது ரேஷன் கடை என்றே நினைத்திருந்தோம். ரிப்பன் வெட்டிய அன்றுதான் அது கலையரங்கம் என்று தெரிந்தது. பிறகு அதில் ரேஷன் கடையே வந்தது வேறு கதை. கட்டி முடித்தபின் வாயாரத் திட்டுவது எங்கள் வழக்கம், கட்டுமுன் கேட்பது இவர்கள் வழக்கம்.

ஆகவே, லிட்டில் இந்தியா வட்டாரத்துக்குக் கலை, பண்பாட்டுத் திட்டம் வகுக்கிறோம், மக்கள் வந்து யோசனை சொல்லுங்கள் என்று அறிவிப்பு வந்ததும் முருகையனை நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். முருகையன் துவாஸில் கப்பல் பட்டறை வெல்டர். ஞாயிற்றுக்கிழமைகளில் தொழிலாளர் விடுதி நண்பர்களோடு நாடகம் போடுகிறவர். வசனம், இயக்கம், ராஜா வேடம் எல்லாம் அவரே. நான் புக்கிட் பாத்தோக்கிலிருந்து ரயிலேறி வந்து ராணியாக நடிக்கிறேன். பகலில் மென்பொருள் சோதிப்பவளுக்கு ராணி வேடம் கசக்குமா? ஆனால் எங்கள் அரசவைக்குச் சொந்த அறை கிடையாது. ஓர் அடுக்குமாடிப் புளோக்கின் திறந்த கீழ்த்தளத்தில் ஒத்திகை பார்ப்போம். ராஜா கர்ஜித்தால் மாடியிலிருந்து புகார் போய்விடும். இன்னொரு புகார் வந்தால் இடம் கிடையாது என்று புளோக்கை நிர்வகிப்பவர்கள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். பொங்கலுக்கோ மேடையேறியாக வேண்டும்.

சமூக மன்றத்தில் கூட்டம் நிறைந்திருந்தது. சுவரோவியம், விளக்கலங்காரம், நடன வகுப்பு, ஒத்திகை அறை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெரிய தாளைச் சுவரில் மேலும் கீழுமாக ஒட்டியிருந்தார்கள். ஆளுக்கு ஒரு பச்சைப் பொட்டு தந்தார்கள். எது வேண்டுமோ அந்தத் தாளில் ஒட்ட வேண்டும். பொட்டை விரல் நுனியில் வைத்துக்கொண்டு எல்லோரும் நின்றோம். பந்தியில் பெரியவர் இலையில் கை வைக்கும்வரை யாரும் சாப்பிடத் தொடங்குவதில்லையே, அப்படி ஒரு நிற்பு. இங்கே பெரியவர் என்றால் கோவிந்தசாமி ஐயா. இந்த மண்ணிலேயே பிறந்து, பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். நாங்கள் ஒத்திகை பார்க்கும் புளோக்கில்தான் குடியிருக்கிறார். மெல்ல நடந்து போய்ச் சுவரோவியத்தில் ஒட்டினார். கொஞ்ச நேரத்தில் அந்தத் தாளே பச்சையாகிவிட்டது. ஒத்திகை அறைக்கு விழுந்தது ஒரே ஒரு பொட்டு. அது என்னுடையது.

வாசலில் முருகையனைப் பிடித்துக்கொண்டேன். உங்கள் பொட்டு எங்கே போயிற்று என்று கேட்டேன். எனக்கு உண்மையிலேயே கோபம்.

“ஐயா அங்க ஒட்டும்போது நான் மட்டும் வேற எடத்துல ஒட்டினா நல்லாவா இருக்கும்? நமக்கு பெர்மிட் முடிஞ்சா ஊருக்குப் போயிருவோம்க்கா. அவரு இங்கயே இருக்கப் போறவரு.”

அந்த நேரம் பார்த்துத் தேநீர்க் கோப்பையோடு ஐயாவே வந்தார். என்ன சங்கதி என்று விசாரித்தார். முருகையன் கண்ணைக் காட்டியும் நான் அடக்கிக்கொள்ளாமல் சொல்லிவிட்டேன். ஐயா கோப்பையை இடக்கைக்கு மாற்றிக்கொண்டார்.

“எனக்குத் தோள்பட்டை தூக்க முடியலம்மா. அந்த ஒரு பேப்பர்தான் கைக்கு எட்டுச்சு. ஓவியம் யாருக்கு வேணும்?”

உள்ளே ஓடினேன். ஏற்பாட்டைக் கவனித்த இளம்பெண் தாள்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார். படமெடுத்து அனுப்பியாகிவிட்டதாம். நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டு, குறிப்பில் எழுதுவதாக ஒப்புக்கொண்டார். “ஆனா ஒரு டாட்டை வச்சு ரூம் கேக்க முடியாதுலா, அக்கா” என்றார். அவர் மேல் தப்பில்லை.

அடுத்த ஞாயிறு கோவிந்தசாமி ஐயா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியோடு கீழே இறங்கி வந்து, ஒத்திகை முடியும்வரை உட்கார்ந்திருந்தார். ராஜா தொண்டை கிழியக் கத்தினார். மாடியிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. வாரா வாரம் அப்படியே நடந்தது. இடையில் திட்டத்தின் வரைவும் வெளிவந்தது. சுவரோவியத்துக்கு அழகான பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். ஒத்திகை அறை எதிலும் இல்லை. ஐயா இருக்கும்போது அறை எதற்கு என்று முருகையன் சிரித்தார். அன்றைக்கு எனக்கும் அது சரியென்றே பட்டது.

பொங்கலுக்குச் சில வாரம் முன்பு ஐயாவுக்குத் தோளில் அறுவைச் சிகிச்சை நடந்தது. மகள் மார்சிலிங்கில் உள்ள தன் வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டாள். அவர் கீழேயே விட்டுப்போன நாற்காலி காலியாக இருக்கக் கூடாது என்று அந்த ஞாயிறு நான் அதில் உட்கார்ந்தேன். ராஜா இரண்டு வரி கர்ஜித்திருப்பார், ஓர் அம்மாள் படியிறங்கி வந்தார்.

“நீங்க இந்த புளோக்கா?”

“இல்லைங்க. புக்கிட் பாத்தோக்.”

“அப்ப அங்கயே செய்யலாம்ல, தங்கச்சி.”

கோபமில்லை, வழி கேட்டவருக்கு வழி சொல்வதுபோலத்தான் சொன்னார். புக்கிட் பாத்தோக்கில் என் புளோக்கின் கீழே நான் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் அங்கேயும் ஒருவர் இறங்கி வந்து நீங்க இந்த புளோக்கா என்றுதான் கேட்பார். திருநெல்வேலித் தெருமுனையிலும் இப்போது நீ எந்த ஊர் என்று கேட்பார்கள். சரிங்க என்று எழுந்து நாற்காலியைச் சுவரோரம் தள்ளினேன். முருகையன் மிச்சக் காட்சியை உதடு மட்டும் அசைய நடித்தார். ராணியின் முறை வந்தபோது நானும் வாயைத் திறந்து, சத்தமில்லாமல், இந்த நாடு என்னுடையது என்று சொன்னேன்.