வால்தம்ஸ்டோவில் பந்து பிடித்தவர்கள்

எறிகிற பந்தைப் பிடிக்கிறவன் நாளைக்குத் தேறுவானா என்று இன்றைக்கே சொல்வதுதான் என் தொழில். தேறாவிட்டால் பழி எனக்கு, தேறினால் பெருமை அவனைப் பெற்றவளுக்கு.

சம்பளம் இல்லாத தொழில். எண்பதுகளின் நடுவில் அமெரிக்க ஃபுட்போலை ரீவியில் காட்டத் தொடங்கின சூட்டோடு லண்டனில் மூலைக்கு மூலை குழுக்கள் முளைத்தன. பெயர்தான் ஃபுட்போல், காலுக்கு வேலை குறைவு. ஒருவர் எறிவார், ரிசீவர் என்கிறவர் ஓடிப்போய்ப் பிடிப்பார், எதிர்ப்பக்கத்தார் அவரை விழுத்துவார்கள். வால்தம்ஸ்டோக் குழுவில் ரிசீவர்களைப் பார்த்துத் தெரிந்தெடுத்துப் பழக்கியவன் நான். 'இந்தப் பிள்ளை டொக்டருக்குப் படிக்குமோ?' என்று கலியாண வீட்டில் யாராவது உங்களைக் கேட்டு, நீங்களும் ஏதோ சொல்லி மாட்டுப்பட்டிருந்தால் என் கஷ்டம் விளங்கும்.

முட்டைப் பெட்டி

பெற்றோல் ஷெட்டில் காலை ஷிப்ட் முடித்து, கடையில் முட்டை வாங்கிக்கொண்டு பார்க்குக்குள்ளால் வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தேன். முகத்துக்கு நேரே ஒரு பந்து வந்தது. இரண்டு பக்கமும் கூரான, மாங்காய் மாதிரியான பந்து. யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட கிரிக்கெட் குழுவுக்கு நாலு வருசம் விக்கெட் கீப்பராக இருந்தவன் நான். யோசிக்க முதலே வலது கை நீண்டு பிடித்துவிட்டது. இடது கையில் முட்டைப் பெட்டி அப்படியே இருந்தது.

ஓடி வந்தவன் டெரி. வாரநாளில் தபால்காரன், ஞாயிற்றுக்கிழமை அந்தக் குழுவின் கோச். பந்தை வாங்கவில்லை, முட்டைப் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்தான். ஒன்றும் உடையவில்லை. அவன் பேசியது கிழக்கு லண்டன் ஆங்கிலம், நான் என் தமிழில் தருகிறேன்: "எங்களிட்டை ஓடுறதுக்குப் பதினெட்டுப் பேர் இருக்கிறாங்கள். பிடிக்கத்தான் ஒருத்தனும் இல்லை. வாற ஞாயிறு வந்து பழக்கிவிடு, முட்டையை வீட்டிலை வைச்சிட்டு."

ஓட்டக்காரன்

நான் முதன்முதலில் 'இவன் நிச்சயம் தேறுவான்' என்று சொன்னது டெரக்கைப் பற்றி. கவுன்சில் தோட்டங்களில் புல்லு வெட்டுகிற பெடியன். ஓடினால் பக்கத்தில் நிற்கிறவனின் தொப்பி பறக்கும். இரண்டு கிழமை அவனைப் பார்த்துவிட்டு, குழுவின் எதிர்காலமே இவன்தான் என்று டெரியிடம் அடித்துச் சொன்னேன். பந்து மட்டும் அவன் கையில் நிற்கவில்லை. கையுறை மாற்றினோம், பந்தை மாற்றினோம், எறிகிற ஆளையும் மாற்றினோம்.

மூன்றாவது கிழமை அவனுக்கு நேர் எதிரே போய் நின்று பார்த்தேன். பந்து கிட்ட வந்ததும் டெரக் இரண்டு கண்ணையும் இறுக்கி மூடினான், ஊசி போடுகிற நேரத்தில் பிள்ளைகள் மூடுகிற மாதிரி. ஏன் என்று கேட்டேன். கொஞ்சமும் வெட்கப்படாமல் சொன்னான்: "அது வாற சத்தம் கேக்குதுதானே, பிறகு என்னத்துக்குப் பாக்கிறது?"

கட்டிலில் கிடந்தவன்

டெரக்கைப் பந்து வராத இடத்துக்கு மாற்றின கிழமை, மனோர் பார்க் பக்கமிருந்து வசந்தி ரெலிபோன் எடுத்தாள். என் மனைவியோடு படித்தவள். நாட்டுப் பிரச்சினையில் தப்பி வந்த அவளுடைய தம்பி குகன் ஒரு வருசமாக அவளோடு இருந்தான். வயது இருபது. கிழமை நாளில் பெட்டி அடுக்குகிற பக்டறி, மற்ற நேரமெல்லாம் கட்டில். கேட்டால் 'ஓம்', 'இல்லை'. அதற்கு மேல் ஒரு சொல்லும் இல்லை. கோயிலுக்குக் கூப்பிட்டாலும் வரமாட்டானாம்.

"தங்கச்சி, இது ஆளை ஆள் இடிச்சு விழுத்துற விளையாட்டு" என்று எச்சரித்தேன். வசந்தி ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. "பரவாயில்லை அண்ணை, விழுந்தால் 'ஐயோ' எண்டாவது சொல்லுவான்தானே."

பதினொரு பந்து

குகன் மெலிந்து நெடுத்த ஆள். ஹெல்மெட் அவன் தலையில் பானை கவிழ்த்தமாதிரி ஆடியது. உள்ளே ஒரு கம்பளித் தொப்பியைச் செருகி இறுக்கினோம். முதல் நாள் அவனுக்குப் பதினொரு பந்து எறிந்தோம். பதினொன்றும் நிலத்தில். எல்லாரும் விட்ட பந்தைத் திரும்ப எறிவார்கள். இவன் ஒவ்வொரு முறையும் எடுத்துக்கொண்டு நடந்து வந்து என் கையில் தந்தான். தரும்போது மெல்ல ஏதோ முணுமுணுத்தான். நாலாவது தரம்தான் எனக்குக் கேட்டது: "இது சின்ன விரலிலை பட்டது அண்ணை." அடுத்தது, "கையைக் கெதியா மூடிப்போட்டன்." அடுத்தது, "பந்தைப் பாக்கேல்லை, அந்த ஆளைப் பாத்தனான்."

விட்ட பந்து ஏன் விழுந்தது என்று தெரிந்த ஒருவனை நான் அதுவரை அந்தப் பார்க்கில் பார்த்ததில்லை. மற்றவர்கள் காற்றைச் சொல்வார்கள், வெயிலைச் சொல்வார்கள், எறிந்தவனைச் சொல்வார்கள். இவனை வைத்திருப்போம் என்றேன். எங்களிடம் மிச்சம் இருந்தது ஒரேயொரு ஜேர்சி. டெரி அதைக் கையில் வைத்துக்கொண்டு குகனைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "உண்மையைச் சொல்லு சிவா, இவன் உன்ரை சொந்தக்காரன்தானே?"

அத்தானின் கேள்வி

ஆறு கிழமைக்குப் பிறகு, முருகன் கோயிலில் இருந்து நேரே, வேட்டிக்கு மேல் பெரிய ஓவர்கோட்டோடு குகனின் அத்தான் மைதானத்துக்கு வந்தார். வசந்தியின் கணவர். ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் கொடுக்கிறார்கள், இவன் ஏன் இங்கே நிற்கிறான் என்று விசாரிக்க வந்தவர். அந்த நேரம் பார்த்து நூற்றுப் பத்துக் கிலோ ஆள் ஒருவன் குகனைத் தூக்கிச் சேற்றில் போட்டான். அத்தான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

குகன் இப்போது பத்துக்கு ஐந்து பிடிக்கிறான், இன்னும் பழகினால் குழுவுக்கு உதவுவான் என்று விளங்கப்படுத்தினேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "எல்லாம் சரி, முடிவிலை சேர்ட்டிபிக்கற் ஏதும் குடுப்பினமோ?"

இன்னும் ஒரு வருசம்

இதைச் சொல்ல எனக்கு இப்பவும் கூச்சம். அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டம். ஆற்றுக்குத் தெற்கே இருந்து வந்த குழு எங்களைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தது. எங்கள் முதல் ரிசீவர் கணுக்கால் சுளுக்கி உட்கார்ந்துவிட்டான். டெரி என்னிடம் ஓடி வந்தான். "உன்ரை ஆளை விடட்டா?" அவனுக்காக ஐந்து மாதம் வாதாடினவன் நான். எதிர்ப்பக்கத்துத் தோள்களைப் பார்த்தேன். வசந்தியின் முகம் ஞாபகம் வந்தது. "இல்லை, இன்னும் ஒரு வருசம் போகட்டும்" என்றேன். திரும்பினால் குகன் பின்னால் நிற்கிறான், ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு, ஆயத்தமாக. அவனுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராதுதான். ஆனால் 'இன்னும் ஒரு வருசம்' என்பது எந்தப் பாசையிலும் விளங்கும். நிலத்தைப் பார்த்தான்.

நல்ல காலம், டெரி என் சொல்லைக் கேட்கிற ஆள் இல்லை. குகனின் முதுகில் ஒரு தட்டுத் தட்டி உள்ளே அனுப்பினான். முதல் பந்தைக் குகன் தவறவிட்டான். நான் வேறு பக்கம் பார்த்தேன். இரண்டாவது தரம் நடுவாலே குறுக்காக ஓடினான். பந்து கொஞ்சம் உயரமாக வந்தது, எம்பினான், அந்தரத்தில் நிற்கும்போதே இரண்டு பேர் இரண்டு பக்கத்தால் வந்து மோதினார்கள். மூவரும் ஒரு குவியலாய் விழுந்தார்கள். நான் எல்லைக்கோட்டைத் தாண்டி ஓடினேன். ஓடக்கூடாது, அதற்கு வேறு எங்களுக்குத் தண்டனை தந்தார்கள். மேலே கிடந்தவர்கள் எழும்பின பிறகு குகன் மல்லாக்காகக் கிடந்தான், பந்து நெஞ்சோடு. கம்பளித் தொப்பி கண்ணை மறைத்திருந்தது. "குகன், குகன்" என்று உலுக்கினேன். உள்ளே இருந்து குரல் வந்தது: "பந்து கையிலைதான் இருக்கு அண்ணை. எழும்பத்தான் ஏலாமல் கிடக்கு."

வசந்தியின் ரெலிபோன்

அந்த ஆட்டத்தில் பெருந்தோல்வி. குகன் பிடித்தது மொத்தம் இரண்டு பந்து. ஆனால் குழுவின் வான் வண்டியில் வீட்டுக்குப் போகும்போது, அந்த இரண்டையும் எப்படிப் பிடித்தான் என்று டெரக்குக்குக் கையாலும் காலாலும் பாதி ஆங்கிலத்தாலும் மனோர் பார்க் வருமட்டும் விளங்கப்படுத்திக்கொண்டே வந்தான். அவனை இறக்கிவிடும்போது மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவன் என்னைப் பேச விடவில்லை. முதல் பந்தைத் தான் ஏன் விட்டான் என்று சொல்லத் தொடங்கியிருந்தான்.

அடுத்தநாள் பின்னேரம் வசந்தி ரெலிபோன் எடுத்தாள். விலா எலும்பாக இருக்குமோ? "என்ன தங்கச்சி, நோகுதாமோ?" என்றேன். "அவனுக்கு ஒண்டுமில்லை அண்ணை, எங்களுக்குத்தான். வாய் திறக்கிறானில்லை எண்டு உங்களிட்டை அழுதனான், இப்ப மூடுறானில்லை."

தோடம்பழம்

குகன் நாலு பருவம் ஆடினான். நட்சத்திரம் ஆகவில்லை. ஆட்டத்துக்கு இரண்டு, மிஞ்சினால் மூன்று பந்து. ஆனால் தேவையான இடத்தில். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அமெரிக்க ஃபுட்போல் மோகம் அடங்க, குழுவும் கலைந்தது. அவன் பின்னேர வகுப்புக்குப் போய்ப் படித்து, வரைபட வேலையில் சேர்ந்து, கலியாணம் முடித்துக் கிங்ஸ்பரியில் வீடு வாங்கினான். அவனுடைய மகனின் முதலாவது பிறந்தநாளில் ஒரு தகப்பன் என்னைப் பிடித்துக்கொண்டார். "நீங்கள் ஆளைப் பாத்தே சொல்லுவியளாம். என்ரை மகள் பட்மின்ரனிலை வருவாளோ?" எட்டு வயதுப் பிள்ளை. தட்டிலிருந்த ஆரஞ்சு நிறத் தோடம்பழம் ஒன்றை எடுத்து மெதுவாக அவள் பக்கம் எறிந்தேன். பிடித்தாள். இன்னொன்று எறிந்தேன். அதையும் பிடித்தாள். அறையே என் தீர்ப்புக்காகக் காத்துக்கொண்டு நின்றது. பிள்ளை இரண்டு கையிலும் பழத்தோடு என்னை இரக்கமாகப் பார்த்துக் கேட்டாள்: "அங்கிள், உங்களுக்குத் தோடம்பழம் பிடிக்காட்டி அம்மாட்டைச் சொல்லலாமே?"

இத்தனை வருசம் இளம் ஆட்களைத் தரம் பார்த்ததில் யார் தேறுவார் என்பது எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை, பிடிபட்டமாதிரி முகத்தை வைத்திருக்க மட்டும் நன்றாகத் தேறிவிட்டேன்.