கடலுக்கு ஒரு டொசியே

அந்த யோசனை வந்தபோது என் ஒரு கையில் ஒரு கிலோ விளைமீன், மற்றக் கையில் போன். பிரெஞ்சு நகரத்துத் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் சனிக்கிழமை மீன்கடை வரிசை எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். மீனை வாங்கினால் நகர வேண்டும். நான் நகரவில்லை. போனில் ஏதோ ஒரு நாட்டின் காலநிலைத் திட்டம் ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு நாடும் ஐந்து வருஷத்துக்கு ஒருக்கா, ‘உலகம் சூடாவதைக் குறைக்க நாங்கள் இன்னின்னது செய்வோம்’ என்று எழுதிக் கொடுக்கிற வாக்குறுதி அது. என் படிப்பே அதுதான்.

அதில் பஸ் இருந்தது, சூரியத் தகடு இருந்தது, அடுப்புகூட இருந்தது. கடலும் இருந்தது. ஆனால் எப்படி? கடல் ஏறும், கடல் அரிக்கும், கடல் வீட்டுக்குள் வரும். பக்கத்துக்குப் பக்கம் கடல் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறது! அதைக் காப்பாற்றினால் அது நமக்கு உதவும் என்று ஒரு வசனம் இல்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“பிள்ளை, தள்ளி நிண்டு சிரியும். பின்னாலை ஆக்கள் நிக்கினம்,” என்றார் மீன் வெட்டுகிற அண்ணை.

“அண்ணை, கடலுக்கடியிலை புல்லு இருக்கல்லோ, அது சூட்டைக் கூட்டுற கரியைப் பிடிச்சுச் சேத்துக்குள்ளை பூட்டி வைக்கும். திட்டம் எழுதின ஆக்கள் அதைப் பற்றி ஒரு வரி எழுதேல்லை!”

“சாதாளையோ?” கத்தி அந்தரத்தில் நின்றது. “பத்து வருஷம் அதை மிதிச்சுக்கொண்டு வலை இழுத்தனான். அது இவ்வளவு பெரிய ஆளே?”

அவர் யாழ்ப்பாணக் கரையில் தொழில் செய்தவர் என்பது அன்றுதான் எனக்குத் தெரியும். இத்தனை வருஷமாக அவரிடம் நான் கேட்ட ஒரே கேள்வி, ‘செதில் எடுத்துத் தருவீங்களோ?’ என்பதுதான். அவர் கத்தியாலேயே தெருவைச் சுட்டிக் காட்டினார். எதிர்ச் சாப்பாட்டுக் கடைக் குசினியில் ஒருவர், மரக்கறிக் கடையில் இரண்டு பேர், நகைக்கடை வாசலில் ஒருவர். எல்லோரும் அவருடைய ஊர்க்காரர், எல்லோரும் அதே கடலில் நின்றவர்கள். ஸ்தேனில் இருக்கும் வீட்டுக்கு ரயிலில் போகும் வழியெல்லாம் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

திங்கட்கிழமை வகுப்பில் கடற்புல்லைப் பற்றி வாயை விட்டேன். பல நாடுகளிலிருந்து இந்தத் திட்டங்களை எழுதுகிறவர்கள் கூடும் ஒரு பயிற்சிக்கு எங்கள் பேராசிரியை அந்தச் சனிக்கிழமை போவதாக இருந்தார். கடலை எப்படித் திட்டத்துக்குள் கொண்டுவரலாம் என்று நாங்கள் எழுதும் பக்கங்களில் நல்லவற்றைக் கையோடு எடுத்துப்போவார். வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் கொடுக்க வேண்டும். “புத்தகத்தில் இருப்பது எனக்கும் தெரியும்,” என்றார். “அந்தத் தண்ணீருக்குள் நின்றவர்கள் யாராவது உங்களுக்குத் தெரியுமா?”

“ஐந்து பேர்!” என்று கத்தினேன். வகுப்பே திரும்பிப் பார்த்தது.

தவறவிட்டால் அடுத்த சுற்று ஐந்து வருஷம் கழித்து. அப்போது எனக்கு இருபத்தெட்டு. கிழவி!

ஓடிப்போய் அண்ணையிடம் சொன்னேன்: ஆளுக்கொரு பக்கம், கடலைப் பற்றிய வாக்குமூலம், வியாழக்கிழமைக்குள். அவர் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு, “எங்கடை ஆக்களுக்கு இது புதுசே? டொசியே கட்டுறதெண்டால் எங்களை அடிக்க ஆளில்லை,” என்றார். டொசியே என்றால் பிரெஞ்சில் அலுவலகத்துக்குக் கட்டிக் கொடுக்கும் கோப்பு; அந்தச் சொல்லிலேயே நான் விழித்திருக்க வேண்டும்.

வியாழன் மாலை ஐந்து பிளாஸ்டிக் கோப்புகள் வந்தன. ஒவ்வொன்றும் செங்கல் கனம். பல்கலைக்கழக நூலகத்தில், சென்னையிலிருந்து படிக்க வந்த என் தோழியும் நானும் திறந்தோம். ‘நான் இன்ன ஊரில் பிறந்தேன். எனது தந்தையார் கடற்றொழிலாளி.’ பிறகு இடப்பெயர்வு. பிறகு சோதனைச்சாவடி. பிறகு நாலு நாட்டு எல்லை. பிறப்புப் பத்திரம், அதன் மொழிபெயர்ப்பு, முதல் நாள் கொடுத்த தற்காலிக வதிவிடத் தாள், கடைசி மாதத்துக் கரண்ட் பில், நாலு பாஸ்போர்ட் படம். எல்லாம் ‘எனது கோரிக்கையைத் தயவுடன் பரிசீலிக்கவும்’ என்று முடிந்தன. கடல்? ‘தொழில்’ என்ற இடத்தில் ஒரு சொல்.

“என்னடி இது, கிளைமேட் பத்திக் கேட்டா எல்லாரும் அசைலம் கேட்டிருக்காங்க?” என்றாள் தோழி. நாங்கள் சிரித்த சிரிப்பில் நூலகத்துக்காரர் வந்து எங்களை வெளியே அனுப்பினார். வெளியே வந்த பிறகுதான் மணியைப் பார்த்தேன். மறுநாள் மத்தியானம் கெடு. கையில் ஐந்து பேரின் முழு வாழ்க்கை, கடல் மட்டும் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குத் தோழியையும் இழுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். அண்ணை ஐஸ் கொட்டிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் முகம் சுருங்கியது. “வாக்குமூலம் எண்டு நீர்தானே சொன்னனீர்? இஞ்சை அதுக்கு ஒரே அர்த்தம்தான்.”

அவர் சொன்னது சரி. அப்படியானால் அவர்களுக்குப் பழகின வழியிலேயே போவோம் என்று தோன்றியது. விசாரணை அதிகாரி மாதிரி ஐஸ் பெட்டியில் ஏறி உட்கார்ந்து கேட்க ஆரம்பித்தேன். எந்த இடம்? எவ்வளவு ஆழம்? உமக்கு எப்படித் தெரியும்?

அண்ணை உடனே நிமிர்ந்து நின்றுவிட்டார்! “கோயிலுக்கு நேர் எதிரை. இடுப்பளவு தண்ணி. சாதாளை வள்ளத்தின்ரை விசிறியைச் சுத்த விடாது. நான் கையாலை அறுத்து எடுத்தனான்.” இப்படி ஒரு சாட்சி எந்த ஆராய்ச்சியாளருக்குக் கிடைக்கும்? குசினி அண்ணைக்குப் போன் போட்டு, சத்தத்தைக் கூட்டி, அதே கேள்விகளைக் கேட்டேன்.

“கோயிலுக்கு முன்னாலையோ? வெறும் மணல் பிள்ளை. இழுவைமடி வலை அடியோடை வழிச்சுக்கொண்டு போட்டுது.”

“டேய், பொய் சொல்லாதை!” அண்ணை போனுக்குள் புகுந்துவிடுவார் போல இருந்தது. “அங்கை நிக்கேலாது, அவ்வளவு புல்லு!”

“நீங்கள் எந்தக் காலத்துக் கதை கதைக்கிறியள்? நான் கண்ணாலை கண்டனான்!”

அண்ணை சட்டென்று போனை உள்ளங்கையால் பொத்தினார். முகத்தில் இரத்தமே இல்லை. “பிள்ளை, முரண்பாடு வந்திட்டுது. எழுதாதையும். நான் அவனோடை கதைச்சு ஒரே மாதிரிச் சொல்ல வைக்கிறன்.”

அந்தப் பயம் விளையாட்டில்லை. ஒரேயொரு முரண்பாட்டால் வழக்குத் தள்ளுபடியான வீடுகள் இந்தத் தெருவில் எத்தனையோ. ஆனால் எனக்குத் தலைக்குள் மணி அடித்துவிட்டது. ஐஸ் பெட்டியிலிருந்து குதித்தேன்.

“மாத்தாதேங்கோ அண்ணை! ஒரு சொல்லும் மாத்தாதேங்கோ! நீங்கள் எப்ப வெளிக்கிட்டனீங்கள்?”

“தொண்ணூறுகளிலை.”

“அவர்?”

“சண்டை முடிஞ்சு கொஞ்ச வருஷத்தாலை.”

“அப்ப ரெண்டு பேர் சொல்லுறதும் உண்மை! இடையிலைதான் புல்லுப் போயிருக்கு!”

அண்ணை கையைப் போனிலிருந்து எடுத்தார். “டேய் தம்பி,” என்றார், குரல் இறங்கி. “நீயும் சரிதானாம்.”

பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் துள்ளத் தோன்றுகிறது. மற்ற மூவரையும் பிடித்தோம். நாங்கள் கையோடு கொண்டுவந்த அந்த ஐந்து கோப்புகளையும், யார் எப்போது கடலை விட்டு வந்தார்கள் என்ற ஒழுங்கில் மீன் தட்டுகளுக்கு மேல் அடுக்கினோம். வெளிக்கிட்ட திகதி எல்லாவற்றிலும் இருந்தது, அத்தாட்சியோடு, மொழிபெயர்ப்போடு! முதல் ஆளுக்குப் புல் இடுப்புவரை, அடுத்தவருக்கு முழங்கால், அடுத்தவருக்குத் திட்டுத் திட்டாக, நாலாமவருக்கு நண்டு பிடிக்கிற ஒரு மூலையில் மட்டும், கடைசி ஆளுக்கு மணல். தோழி மடிக்கணினியில் பிரெஞ்சில் தட்ட, நான் சொல்லச் சொல்ல, ஒரு பக்கம் நிறைந்தது. கீழே எங்கள் வசனம்: மிஞ்சியிருக்கும் கடற்புல்லையும் கரையோரக் கண்டல் மரங்களையும் நாட்டின் காலநிலைத் திட்டத்துக்குள் சேருங்கள், அவற்றின் மேல் இழுவைமடி இழுப்பதை நிறுத்துங்கள், அந்த வேலையைக் கரையில் இருப்பவர்களிடமே கொடுங்கள்.

மெற்றோவில் எங்களைச் சுற்றி யாரும் நிற்கவில்லை. மீன் வாசம் அப்படி.

அச்செடுத்துக் கொடுத்ததைப் பேராசிரியை நின்றபடியே வாசித்தார். பேனாவை எடுத்து, நான் உயிரைக் கொடுத்து எழுதிய முதல் பந்தியை, ‘மனித குலத்தின் தாயே’ என்று தொடங்குவதை, முழுவதுமாக வெட்டினார். பிறகு பக்கத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். வைத்தார்! நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் நசுக்கிக்கொண்டோம். அத்தாட்சிக்கென்று நாங்கள் நீட்டிய கோப்புகளைக் கரண்ட் பில்களோடு திருப்பித் தந்து, “இவற்றை உரியவர்களிடமே கொடுத்துவிடுங்கள்,” என்றார். கதவடியில் திரும்பி ஒரு கேள்வி: “கடைசியாக வந்தவர் வந்தே பல வருஷம். இன்றைக்கு அங்கே என்ன இருக்கிறது?”

அன்று மாலையே மீன்கடைக்கு ஓடினேன்.

அண்ணையிடம் கேட்டேன். அவருடைய மச்சான் இன்னும் அந்தக் கரையில் வள்ளம் வைத்திருக்கிறாராம். தண்ணீர் போகாத உறையில் போனைப் போட்டு, கயிற்றால் ஒரு சதுரம் கட்டி, அதைக் கோயிலுக்கு எதிரே அடியில் விரித்து, உள்ளே எத்தனை புல் என்று எண்ணச் சொல்லலாம். அந்தச் சதுரம் எவ்வளவு பெரிது என்பதில் எங்களுக்குச் சண்டை. நான் ஒரு மீற்றர் போதும் என்கிறேன், அண்ணை ஒரு பாகம், அதாவது இரண்டு கையையும் விரித்த நீளம், வேண்டும் என்கிறார். ஞாயிற்றுக்கிழமை கடல் தெளிவாக இருந்தால் மச்சான் இரண்டையும் போட்டுப் பார்ப்பார்.