அரிசி மூட்டை வைத்த மோட்டார்

எங்கள் கல்யாணக் கதையைப் பேரன் பேத்திகள் கேட்டால் என் வீட்டுக்காரர்தான் சொல்வார். மோட்டார் வரும் இடத்தில் எல்லாரும் சிரிப்பார்கள். நான் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவேன். இத்தனை வயசாகியும் அந்த இடத்தில் உட்கார்ந்திருக்க முடிவதில்லை. வாயால் சொல்ல வராததை எழுதியாவது பார்க்கலாமே என்றுதான் எழுதுகிறேன்.

பவானிபூரில் டிராம் ரோட்டிலிருந்து பிரியும் சந்தின் முனையில் குடியிருந்தோம். அப்பா ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் குமாஸ்தா. திருச்சியிலிருந்து வந்த சம்பந்திகள் ஒன்றே ஒன்றைத்தான் கறாராகக் கேட்டார்கள். முகூர்த்தத்துக்கு முதல் நாள் சாயங்காலம் மாப்பிள்ளையை ஊர்வலமாக அழைத்துவரும் ஜானவாசத்துக்குக் குதிரை வண்டி கூடாது, மோட்டார்தான் வேண்டும் என்றார்கள். பக்கத்து வீட்டு வக்கீல் பாபு தன் மோட்டாரைத் தருவதாகச் சொல்லியிருந்தார். அதை நம்பி அப்பாவும் சரி என்றுவிட்டார்.

ஜானவாசத்துக்கு முதல் நாள் அந்த மோட்டார் புகையைக் கக்கிவிட்டு நின்றுபோயிற்று. மிஸ்திரி ஒருவர் வந்தார். மூன்று மூங்கில்களை உச்சியில் சேர்த்துக் கட்டி வண்டிக்கு மேலே நிறுத்தி, அதில் சங்கிலிக் கப்பியைத் தொங்கவிட்டார். பானெட்டைக் கழற்றி, முன்னாலிருந்த தண்ணீர்த் தொட்டியை எடுத்து, குழாய்களைப் பிரித்துப் போட்டார். பிறகு சங்கிலியை இழுக்க இழுக்க, கறுப்பு எண்ணெய் சொட்டச் சொட்ட என்ஜின் மேலே வந்தது. எருமைக் கன்றைக் கட்டித் தூக்கினாற்போல அந்தரத்தில் ஆடிற்று. கையில் மருதாணியோடு மாடி ஜன்னலில் நின்று வேடிக்கை பார்த்தேன். அப்பா ஆபீசிலிருந்து திரும்பியது அப்போதுதான். குடையை மடக்கக்கூடத் தோன்றாமல் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

என்ஜினை மாட்டு வண்டியில் ஏற்றிக் கார்டன் ரீச் பக்கம் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனார்கள். அப்பா வேறு மோட்டார் தேடி அலைந்தார். கல்யாண மாசம், ஒன்றும் கிடைக்கவில்லை.

"அவாகிட்ட உள்ளதைச் சொல்லிடுங்கோளேன்" என்றாள் அம்மா.

"சொன்னா மூட்டை கட்டிண்டு ரயிலேறிடுவா. மாப்பிள்ளையோட பெரியப்பா ஒருத்தர் போறும்."

யோசனை சொன்னது வக்கீல் பாபுதான். ஊர்வலம் நடக்கிற வேகத்தில்தானே போகிறது, பின்னாலிருந்து நாலு பேர் தள்ளினால் பாண்டு வாத்தியச் சத்தத்தில் யாருக்குத் தெரியப்போகிறது என்றார். அப்பா ஒத்துக்கொண்டார். என்ஜின் இல்லாததால் வண்டியின் மூக்கு தூக்கிக்கொண்டு நின்றது. அதை அமுக்க, கல்யாணச் சமையலுக்கு வந்திருந்த அரிசியில் ஒரு மூட்டையை உள்ளே வைத்துப் பானெட்டை மூடினார்கள்.

மறுநாள் சாயங்காலம் டிராம் ரோட்டுக்கு அந்தப் பக்கம், மாப்பிள்ளை வீட்டார் தங்கியிருந்த ஜாகையிலிருந்து ஊர்வலம் கிளம்பிற்று. நான் மறுபடியும் ஜன்னலில்தான். காஸ் லைட்டுகள் வந்தன, பாண்டு வந்தது, பின்னால் மோட்டார். அப்பாவின் ஆபீஸ் சிநேகிதர்கள் சும்மா கூட வருகிறவர்கள் போல அதன் முதுகில் கை வைத்துக்கொண்டு வந்தார்கள். எங்கள் சந்துக்குத் திரும்ப வேண்டிய இடத்தில், டிராம் தண்டவாளத்தை ஒட்டிய பள்ளத்தில் முன்சக்கரம் இறங்கி வண்டி நின்றுவிட்டது. டிராம் ஒன்று வந்து மணியை அடி அடி என்று அடித்தது. பாண்டு ஓய்ந்தது.

"ஸ்டார்ட் பண்ணச் சொல்லும் ஓய்" என்றார் மாப்பிள்ளையின் பெரியப்பா.

டிரைவர் அப்பாவைப் பார்த்தான். அப்பா தரையைப் பார்த்தார். பெரியப்பா தானே போய்ப் பானெட்டைத் தூக்கினார். காஸ் லைட்காரன் நன்றாகத் தெரியட்டும் என்று விளக்கைக் கிட்டே கொண்டுபோனான்.

"என்ன ஓய் இது?"

"அரிசி" என்றார் அப்பா. "நாளைச் சமையலுக்கு."

டிராமில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். வண்டிக்குள் மாப்பிள்ளையும் சிரித்தார். கழுத்து மாலை குலுங்கியது இங்கிருந்தே தெரிந்தது.

"பொண்ணாவது பொண்ணுதானா, இல்லே அங்கேயும் ஒரு மூட்டையை உக்காத்தி வெச்சிருக்கேளா?" என்றார் பெரியப்பா.

கல்யாணம் நின்றுவிட்டது என்றே நினைத்தேன். மருதாணிக் கையால் முகத்தை மூடிக்கொண்டேன். கடைசியில் என் மாமனார்தான், "காலம்பற முகூர்த்தம். தள்ளுங்கோ" என்றார். விரலை எடுத்துப் பார்த்தபோது அப்பா தோளைக் கொடுத்து வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்தார். அங்கவஸ்திரம் ரோட்டில் கிடந்தது. எடுத்துக் கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

தாலி ஏறியது. நாலு நாள் சடங்கும் நடந்தது. ஊருக்குப் புறப்படுகிற அன்று என்ஜின் திரும்பி வந்து பொருத்தியாகிவிட்டது. எங்களை ஹவுரா ஸ்டேஷனில் கொண்டுவிட வக்கீல் பாபு அதே மோட்டாரை அனுப்பினார். தெருவே அதிரும்படி உறுமிற்று.

"அடேயப்பா, மூட்டை பேசறதே" என்றார் பெரியப்பா.

உள்ளே ஒரு ஆளுக்கு இடம் இருந்தது. அம்மா சொல்லிப் பார்த்தாள். அப்பா ஏறவில்லை. "நீங்க போங்கோ, நான் டிராம்ல வந்துடறேன்" என்றார்.

ரயில் நகரும்போதுதான் கூட்டத்தில் அவரைக் கண்டேன். ஒரு தூணுக்குப் பின்னால், சம்பந்திகளின் கண்ணில் படாத இடமாகப் பார்த்து நின்றிருந்தார். ரயிலில் என் பக்கத்தில் பெரியப்பா உட்கார்ந்திருந்தார். நான் கூப்பிடவும் இல்லை, கையை ஆட்டவும் இல்லை. மடியில் இருந்த கட்டுசாத மூட்டையைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.