வேலிக்கு வெளியே ஒரு குழி

மலேசியாவில், செரம்பானை அடுத்த பாரோயில் என் மகளின் வீட்டு எண் மூன்று ஏ. எங்கள் வரிசையில் மூன்று இருக்கிறது, ஐந்து இருக்கிறது, நான்கு இல்லை. சீனர்களுக்கு நான்கு சாவின் எண். அந்த எண்ணிட்ட வீட்டை வாங்கத் தயங்குவார்கள் என்று கட்டியவர்களே அதை விட்டுவிட்டார்கள். ரப்பர் தோட்டக் கிராணியாக முப்பத்தொரு வருடம் ஆள்கணக்கு எழுதிய எனக்கு இது உறுத்திக்கொண்டே இருக்கும். வீடு இருக்கிறது, உள்ளே ஐந்து பேர் இருக்கிறோம், எண் மட்டும் இல்லை. சென்ற மாதம் வரை இதை ஒரு வேடிக்கையாகத்தான் யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊருக்கு எழுதிவந்தேன்.

சென்ற மாதம், கோலா சாவா பக்கம் நான் வேலை பார்த்த தோட்டம் வீடுகள் கட்டுவதற்காக விற்கப்பட்டது. அங்கிருந்த கிறிஸ்தவ சபையின் கல்லறைகளைச் செரம்பானுக்கு அருகே ஒரு புதிய மயானத்துக்கு மாற்ற வேண்டும். பழைய சபைச் செயலாளர் நான்தான். அடக்கப் பதிவேடும் என்னிடமே இருந்தது. நாற்பத்துமூன்று பெயர்களை எழுதிக் கொடுத்தேன். முப்பத்தெட்டாவது பெயர் என் மனைவியுடையது. அவளுக்குப் பக்கத்தில் எனக்கென்று ஒரு குழி கேட்டேன், தந்தார்கள். ஆக நாற்பத்துநான்கு குழிகள்.

பழைய மயானத்தில் முளையடிக்கும் நாளில் போயிருந்தேன். மேற்பார்வையாளர் லிம் ஒவ்வொரு முளையிலும் சிவப்புச் சாயத்தில் எண் எழுதினார். முடிந்ததும், வேலிக்கு அப்பால் ஒன்பதாவது காலடியில் இருந்த மேட்டைக் காட்டி, இன்னும் ஒன்று உண்டு என்றேன்.

"வேலிக்கு வெளியவா?" என்றார் லிம் மலாயில். "நாயா, அங்கிள்?"

"இல்லை. மனுசர்."

"அப்ப கிறிஸ்தவங்க இல்லலா."

"கிறிஸ்தவப் பெண்தான்."

அவர் பட்டியலைப் புரட்டினார். "பின்ன ஏன் வெளிய? பேரும் இல்லையே." அவர் கேலி செய்யவில்லை, உண்மையாகவே புரியாமல் கேட்டார். குடும்பத்தார் கையெழுத்து வேண்டும், இரண்டு வாரத்தில் அந்த மேட்டின் மேல் சாலை வருகிறது என்றார்.

அவள் பெயர் எஸ்தர். பால்மரம் வெட்டிய யோசேப்பின் மகள், பத்தொன்பது வயது. நாற்பத்தோரு வருடத்துக்கு முன் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டாள். காரணம் என்று தோட்டத்தில் ஆறு சொன்னார்கள். உயிரோடு இருந்தபோது அவளிடம் யாரும் ஒன்றும் கேட்டதில்லை. போதகர் மாதத்துக்கு ஒருமுறை வருவார். மற்ற நாட்களில் சபை என்பது நான்தான். யோசேப்பு தலைத்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து நின்றார்.

"ஒரு ஓரமா உள்ளாற வெச்சுக்கலாங்களா, கிராணி ஐயா?"

"சட்டம் இடங்கொடாது" என்றேன்.

யாருடைய சட்டம்? யாழ்ப்பாணத்துக் கடலோரத்தில் எங்கள் ஊர் மயானத்துக்கு ஒரு மதில் இருந்தது. அப்படிச் செத்தவர்களை மதிலுக்கு வெளியே, சிலுவை இல்லாமல் புதைப்போம். நான் சொல்லும்வரை அந்தத் தோட்டத்தில் ஒருவருக்கும் அது தெரியாது. கப்பலேறியபோது ஆறு சட்டையும் இரண்டு வேதப்புத்தகமும் கொண்டுவந்ததாகவே இதுவரை கணக்குச் சொல்லியிருக்கிறேன். மதிலையும் கொண்டுவந்ததை அதில் சேர்க்கவில்லை. ஊரில் இப்போது அது இல்லை. போரில் எல்லாம் தரைமட்டமாயிற்று. ஊரிலுள்ள தங்கை மகன் அனுப்பிய படத்தில் வெறும் புல். என் தாயின் கல்லையும் காணோம். உள்ளே எது, வெளியே எது என்று சொல்ல முடியவில்லை.

போன வருடம், இப்போது நாங்கள் கூடும் சபையில் மனச்சோர்வைப் பற்றி ஒரு கூட்டம் நடந்தது. குளிரூட்டிய அறை, பெரிய திரை. அது ஒரு நோய், யாரையும் தீர்ப்பிடாதீர்கள் என்றார் பேசியவர். கைதட்டினோம், நானும் தட்டினேன். காலத்துக்கு ஏற்பப் பேசக் கற்றுக்கொண்டோம். நேற்று என்ன செய்தோம் என்று யாரும் கேட்கவில்லை. கடவுளிடம் மன்னிப்புக் கேட்க நம்மிடம் எத்தனையோ பாட்டு உண்டு. மனிதரிடம் கேட்க ஒன்றுமில்லை.

எஸ்தரின் தம்பி தானியேல் செனாவாங்கில் தொழிற்சாலைக் காவலாளி. வேலை முடிந்து மோட்டார் சைக்கிளை எடுக்கும்போது பிடித்தேன்.

"யாரு, கிராணி ஐயாவா? இன்னும் இருக்கீங்களா!"

"எஸ்தரை மாத்த உன்ர கையெழுத்து வேணும், தம்பி. சபையாரோட வைக்கலாம்."

"அவங்க கூடவா? வேணாலா. நாப்பத்தோரு வருசம் வெளிய கெடந்துச்சு. இப்பப் போயி அவங்க பக்கத்துல படுத்துக்கச் சொல்றீங்களா?"

"பிழை என்னுடையது."

"எங்கிட்டச் சொல்லி என்னா? எங்கப்பா உங்களக் கெஞ்சுனதையும் சேத்து உங்க பொஸ்தகத்துல எழுதுங்க. சபையில நின்னு படிங்க. அப்பறம் பாக்கலாம்."

ஞாயிறு ஆராதனைக்கு இருபத்தாறு பேர் வந்திருந்தார்கள். பதிவேட்டைத் திறந்து படித்தேன்: "நாற்பத்துநான்கு. எஸ்தர். தகப்பன் யோசேப்பு. உள்ளே இடம் கேட்டு அவர் கெஞ்சினார். வெளியே புதைக்கச் சொன்னவன் நான்." யாரோ இருமினார்கள். போதகர் நன்றி சொல்லிவிட்டு மதிய உணவைப் பற்றி அறிவித்தார். தானியேல் தலைக்கவசத்தைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றிருந்தான். உள்ளே வரவில்லை. நான் வெளியே போனதும் கையை நீட்டி, "குடுங்க" என்று படிவத்தை வாங்கிக் கையெழுத்திட்டான்.

புதிய மயானத்தில் கூடுதல் குழி இல்லை என்று லிம் சொல்லிவிட்டார். என்னுடையதைக் கொடுத்தேன். இரட்டை நான்கு வேண்டாமென்று அவர் முளையில் 43ஏ என்று எழுதினார். நாற்பத்துநான்கு என்று எழுதச் சொன்னேன். தயங்கித் தூரிகையை என்னிடமே நீட்டினார். நானே எழுதினேன். எண் கோணலாக விழுந்தது.

"அப்ப நீங்க எங்கப்பா?" என்றாள் மகள், காரில்.

புதிய மயானத்திலும் ஒரு வேலி உண்டு. கடைசி வரிசைக்கும் அதற்கும் நடுவே நான் அளந்தபோது ஒரு காலடிதான் இருந்தது. ஊரில் மதிலே இல்லை. இங்கே வேலிக்குள் இடமில்லை. வேலிக்கு வெளியே புதைக்க விடுவார்களா என்று லிம்மிடம் கேட்டிருக்கிறேன்.